சம்பளம் இருக்குங்கிற தைரியத்துல ரேட் போடாதீங்க: வீடு காலி பண்ற வேலையில் நான் படிச்ச கணக்கு

ரெண்டு ஞாயிற்றுக்கிழமை. ரெண்டு பேர். மொத்தம் 40 மணி நேர வேலை. எல்லாச் செலவும் போக கையில் மிஞ்சினது 900 ரூபாய். வகுத்துப் பார்த்தா மணிக்கு இருபத்திரண்டரை ரூபாய். தெருமுனை டீக்கடையில ரெண்டு டீக்குக் கூட சரியா வராது.

இது நானும் என் ஆபீஸ் நண்பனும் சேர்ந்து ஆரம்பிச்ச சைடு பிசினஸ்ல எடுத்த முதல் பெரிய வேலை. சேனல்ல சைடு இன்கம் பத்திப் பேசும்போதெல்லாம் "முதலீடு இல்லாம என்ன பண்ணலாம்?"னு கேக்கறீங்க. வீடு காலி பண்ணிக் கொடுக்கிற வேலைக்குப் பெரிய முதலீடு தேவையில்லைங்கிறது உண்மை. ஆனா ரேட் போடத் தெரியலைன்னா, ஒவ்வொரு வேலையிலயும் உங்க சம்பளத்தைக் கொஞ்சம் கொஞ்சமா உள்ள போட்டுட்டே இருப்பீங்க. முதலீடு பண்றோம்னே தெரியாம நடக்கிற முதலீடு அது.

எந்த வேலையைச் சொல்றேன்னு முதல்ல தெளிவா சொல்லிடறேன். வீடு ஷிஃப்ட் பண்றது வேற. அதுல எல்லாப் பொருளும் பத்திரமா இன்னொரு வீட்டுக்குப் போகும். நான் சொல்றது ஒழிச்சுக் கொடுக்கிற வேலை. அப்பா அம்மா காலமான வீடு, பில்டருக்குக் கொடுக்கப் போற பழைய வீடு, வாடகைக்கு இருந்தவர் பாதிப் பொருளை விட்டுட்டுப் போன வீடு. முப்பது நாப்பது வருஷம் சேர்ந்தது அத்தனையையும் பிரிச்சு, வேணுங்கிறதை எடுத்து வெச்சு, மத்ததை வெளியேத்தி, கூட்டிப் பெருக்கிச் சாவியைக் கையில கொடுக்கணும். சென்னையில பழைய தனி வீடுகள் இடிஞ்சு அடுக்குமாடியா மாறிட்டு இருக்கிற ஏரியாவில் இதுக்கு நல்ல தேவை இருக்கு. பிள்ளைங்க வெளியூர்லயோ வெளிநாட்லயோ இருப்பாங்க. பத்து நாள் லீவுல வந்து பரண் மேல ஏறி இறங்க அவங்களால முடியாது.

எப்படி 900 ரூபாய் ஆச்சு?

மேற்கு மாம்பலத்துல ஒரு பழைய வீடு. வயசான அம்மா மகள் வீட்டுக்குப் போறாங்க. வீடு பில்டர் கைக்குப் போகுது. மாப்பிள்ளை வாட்ஸ்அப்ல 3 நிமிஷ வீடியோ அனுப்பினார். ரெண்டு ரூம், ஹால், கிச்சன். "இன்னும் ரெண்டு பேர்கிட்ட கேட்டிருக்கேன். ஒருத்தர் 22,000, இன்னொருத்தர் 19,000 சொல்றார். நீங்க எவ்வளவு?"

நாங்க ராத்திரி 11 மணிக்கு உக்காந்து போட்ட கணக்கு இது. லோடுமேன் 2 பேர், ஒரு நாள், ஆளுக்கு 1,100 வீதம் 2,200. குட்டியானை 3 டிரிப், டிரிப்புக்கு 1,500 வீதம் 4,500. சாப்பாடு, டீ 500. சாக்கு, கயிறு, கிளவுஸ் 500. மொத்தம் 7,700. சரி, 14,000 சொல்லுவோம், 6,300 லாபம்! இரும்பு, பேப்பர், பாத்திரம்னு பழைய சாமான் வித்தா அது போனஸ்.

உடனே ஓகே சொன்னார். நாங்க சந்தோஷப்பட்டோம். அப்பவே பயந்திருக்கணும்.

வீடியோவில் வராத விஷயங்கள்: ரெண்டு ரூம்லயும் சுவர் முழுக்கப் பரண், அது நிறைய பழைய புத்தகமும் காலண்டரும். மொட்டை மாடியில ஒரு ஷெட். பின்கட்டுல உடைஞ்ச கிரைண்டர், துருப்பிடிச்ச பீரோ. தெருவுல எதிரெதிரா பைக் நிக்கிறதால வண்டி வாசல் வரைக்கும் வராது, 60 அடி தள்ளித்தான் நிக்கும். அந்த 60 அடிதான் எங்களைக் கொன்னுச்சு.

ஒரு நாள் வேலை ரெண்டு நாள் ஆச்சு. ரெண்டாவது நாள் இன்னொரு ஆளும் சேர்ந்தார். கூலி 5,500. டிரிப் 5 ஆச்சு, 7,500. வண்டி வெயிட்டிங் 600. சாப்பாடு, டீ 1,100. சாக்கு வகையறா 700. மொத்தம் 15,400.

போனஸ்னு நினைச்ச பழைய சாமான்? பித்தளை அண்டாவையும் தேக்குக் கட்டிலையும் மாப்பிள்ளை முதல் நாளே தன் வண்டியில ஏத்திட்டார். அது அவங்க பொருள், தப்புச் சொல்ல முடியாது. "எல்லாம் உங்களுக்கு"ன்னு அவர் சொல்லவே இல்லை. நாங்களாதான் நினைச்சுக்கிட்டோம். மிச்ச இரும்பும் பேப்பரும் காயலான் கடையில 2,300-க்குப் போச்சு. 14,000 கூட்டல் 2,300, கழித்தல் 15,400. ஆக 900.

லோடுமேன் அண்ணன் சொன்னது

ரெண்டாவது நாள் சாயங்காலம், கடைசி லோடு ஏத்தின பிறகு, வயசுல மூத்த லோடுமேன் அண்ணன் கேட்டார்: "தம்பி, இதை எவ்வளவுக்கு எடுத்தீங்க?" சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னார்: "உங்களுக்கு ஒண்ணாம் தேதி சம்பளம் வந்துடும் தம்பி. இந்த வீட்டுக்கு எங்க மேஸ்திரிதான் 19 சொன்னாரு. நாளைக்கு அடுத்த வீட்டுக்காரர் அவரை 14-க்குக் கேப்பாரு. அவரு எங்க கூலியிலதானே கை வைப்பாரு?"

நஷ்டக் கணக்கை விட இதுதான் எனக்கு உறைச்சது. இந்தக் கட்டுரையே இதுக்காகத்தான்.

சம்பளம் வாங்கற நாம சைடு பிசினஸ்ல இறங்கும்போது நம்மை அறியாமலே ஒரு தப்பு பண்றோம். நம்ம உழைப்புக்கு விலை போடறதில்லை. "வீக்கெண்டு சும்மாதானே இருக்கோம்"னு விட்டுடறோம். அதனால நம்ம ரேட் குறைவா இருக்கு. நம்ம திறமையாலயோ, வேலையை வேகமா முடிக்கிறதாலயோ அது குறையல. நம்ம ஆபீஸ் சம்பளம் அந்தக் கஸ்டமருக்கு மானியம் கொடுக்குது. அதே சமயம், இதையே முழுநேரமா நம்பி இருக்கிறவரோட ரேட்டையும் கெடுக்குது. நமக்கும் லாபம் இல்லை, அவருக்கும் பொழப்பு இல்லை. லாபம் அடைஞ்சது அந்த மாப்பிள்ளை மட்டும்தான், அதுவும் அவர் கேக்காமலே.

அதனால என் கருத்து இதுதான்: நீங்க ஒரு வேலைக்கு ரேட் சொல்றதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க. "நான் போகாம, என் இடத்துல ஒருத்தரைக் கூலி கொடுத்து அனுப்பினாலும் இந்த ரேட்ல லாபம் வருமா?" வராதுன்னா அது பிசினஸ் இல்லை. குறைந்த கூலிக்கு இன்னொரு வேலையில சேர்ந்திருக்கீங்க, அவ்வளவுதான்.

நேர்ல பாக்காம ரேட் சொல்லாதீங்க

போன்ல கேட்டா "சுமாரா இவ்வளவுல இருந்து இவ்வளவு வரை ஆகும், நேர்ல பாத்துட்டு எழுதிக் கொடுக்கறேன்"னு சொல்லுங்க. அரை மணி நேரம் செலவழிச்சு நேர்ல போங்க. போனா பாக்க வேண்டியது ரூம் எத்தனைங்கிறது இல்லை. பரண், கட்டிலடி, மாடிப்படிக்குக் கீழ, மொட்டை மாடி, பின்கட்டு, பூட்டி வெச்சிருக்கிற ரூம் - இதெல்லாம்தான். "இந்த ரூம்ல ஒண்ணும் இல்லை"ன்னு சொன்னா, திறந்து காட்டச் சொல்லுங்க.

அடுத்தது வழி. வண்டி எங்க நிக்கும்? அங்கிருந்து வாசல் எத்தனை அடி? மாடின்னா படி எவ்வளவு அகலம், பீரோ திரும்புமா? அபார்ட்மென்ட்னா லிஃப்ட்ல சாமான் ஏத்த அசோசியேஷன் விடுமா, எத்தனை மணி வரைக்கும் விடும்? ஒரே அளவு சாமான், தரைத் தளத்துல ஒரு நாள் வேலை. லிஃப்ட் இல்லாத மூணாவது மாடியில ரெண்டு நாள் வேலை.

லோடு கணக்குல அளங்க

இந்த வேலைக்கு அளவுகோல் சதுர அடியும் இல்லை, பெட்ரூம் எண்ணிக்கையும் இல்லை. லோடுதான். நம்ம ஊர்ல குட்டியானைன்னு சொல்ற டாடா ஏஸ் சுமார் 750 கிலோ தாங்கும். பின்பக்கத் தொட்டி ஏறக்குறைய 7 அடி நீளம், 5 அடிக்குக் கொஞ்சம் குறைவான அகலம்.

இங்கதான் புதுசா வர்றவங்க ஏமாறுவாங்க. மெத்தை, பிளாஸ்டிக் சேர், சோபா மாதிரி சாமான்ல எடை வர்றதுக்கு முன்னாடியே இடம் தீர்ந்துடும். புத்தகம், இரும்பு, அம்மி, கிரைண்டர் கல்லு மாதிரி சாமான்ல வண்டி பாதி காலியா தெரியும்போதே எடை முடிஞ்சிடும். எங்க வீட்டுல நடந்தது ரெண்டாவது வகை. பரண்ல இருந்த புத்தகத்தை "அரை லோடு"ன்னு கண்ணால அளந்தோம். டிரைவர் டயரைப் பாத்துட்டு "இதுக்கு மேல ஏத்தாதீங்க"ன்னுட்டார்.

அதனால ஒவ்வொரு ரூமா நின்னு, "இது கால் லோடு, இது முக்கால் லோடு"ன்னு குறிச்சுக்கிட்டே போங்க. கடைசியில கூட்டி, அதோட ஒரு லோடு சேர்த்துக்கோங்க. அந்த ஒரு லோடு பெரும்பாலும் தேவைப்படும்.

எங்க போய்ச் சேரும்?

சாமானை வெளியே எடுக்கிறது பாதி வேலைதான். அது எங்க போகும்னு தெரியாம ரேட் சொன்னா மீதிப் பாதி உங்க தலையில விழும்.

இரும்பு, பேப்பர், எவர்சில்வர், பித்தளைக்குக் காயலான் கடை இருக்கு. நல்ல மரச் சாமானுக்குப் பழைய பர்னிச்சர் கடை இருக்கு. உண்மையிலேயே பழமையான பொருளுக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு மாதிரி சந்தையே இருக்கு. ஓடுற ஃபேன், ஸ்டவ், துணி மாதிரி பொருளைக் கேட்டு வாங்கிக்கிறவங்க உண்டு.

யாரும் வாங்காத பட்டியல்தான் செலவு. பழைய மெத்தை, கிழிஞ்ச சோபா, பிளைவுட் ஷெல்ஃப், உடைஞ்ச கண்ணாடி, காலாவதியான மருந்து. தெருமுனையில் இறக்கிட்டு வந்தா மாநகராட்சி அபராதம் போடும். காலி மனையில வெச்சு எரிக்கிறதுக்குச் சட்டப்படி தடை. சென்னையில 1913-க்கு போன் பண்ணி, உங்க ஏரியாவுல பெரிய சாமானை எப்போ, எப்படி எடுத்துப்பாங்கன்னு முன்கூட்டியே கேட்டு வெச்சுக்கோங்க. பழைய டிவி, கம்ப்யூட்டர், யுபிஎஸ் எல்லாம் மின்கழிவு. பதிவு செஞ்ச மறுசுழற்சி நிறுவனத்துக்குத்தான் போகணும்னு 2022-ல் வந்த மின்கழிவு விதிகள் சொல்லுது.

இதோட, தொடவே கூடாத வேலைகளும் உண்டு. "அப்படியே செப்டிக் டேங்கையும் சுத்தம் பண்ணிடுங்க, சேர்த்துக் கொடுக்கறேன்"னு கேப்பாங்க. ஆளை இறக்கி அதைச் சுத்தம் பண்றது 2013-ம் வருஷச் சட்டப்படி குற்றம். எத்தனை ரூபாய் கொடுத்தாலும் வேண்டாம். அந்தக் குழிக்குள்ள போன உயிர்களைப் பத்தி நாம அடிக்கடி செய்தியில படிச்சுட்டுத்தான் இருக்கோம். ஆஸ்பெஸ்டாஸ் கூரையை உடைச்சு இறக்கச் சொன்னாலும் மறுத்துடுங்க. அந்தத் தூசு நுரையீரலுக்கு விஷம். அண்ணன் தம்பி சொத்துத் தகராறு இருக்கிற வீடுன்னா, எல்லாரும் கையெழுத்துப் போட்ட கடிதம் இல்லாம ஒரு துடைப்பத்தைக் கூட நகர்த்தாதீங்க.

பழைய சாமானை ரேட்டுக்குள்ள ஒளிக்காதீங்க

இந்தத் தொழில்ல நிறைய சண்டை வர்ற இடம் இது. பழைய சாமான் விலையை மனசுல வெச்சுக்கிட்டு ரேட்டைக் குறைப்போம். கடைசி நேரத்துல நல்ல சாமானை வீட்டுக்காரர் எடுத்துக்குவார். இல்லைன்னா உல்டாவா, "என் மாமனார் காலத்து வெண்கல விளக்கு எங்க?"ன்னு ஒரு மாசம் கழிச்சு போன் வரும்.

ரெண்டு வழியில ஒண்ணை எழுத்துல வைங்க. ஒண்ணு, பழைய சாமான் எல்லாம் வீட்டுக்காரருக்கு. காயலான் கடை எடைச் சீட்டும் பணமும் அவர் கைக்கே போகும், நீங்க முழுக் கூலி வாங்கிப்பீங்க. இன்னொண்ணு, இன்ன இன்ன சாமான் உங்களுக்குன்னு பட்டியல் போட்டு, அதுக்கு இவ்வளவு கழிச்சிருக்கோம்னு கொட்டேஷன்லயே தனி வரியா காட்டறது. பட்டியல்ல இருக்கிற சாமானை அவர் எடுத்துக்கிட்டா அந்தக் கழிவும் போயிடும்.

பேப்பரைப் பத்தி ஒரு வார்த்தை. பழைய வீட்டுப் பேப்பர் கட்டைப் பிரிக்காம எடைக்குப் போடாதீங்க. அந்த மாம்பலம் வீட்டுல பழைய காலண்டர்களுக்கு நடுவுல ஒரு யூனிட் டிரஸ்ட் சர்டிபிகேட் இருந்தது. அம்மாகிட்ட கொடுத்தப்ப, "இதைத்தான் அவர் கடைசி வரைக்கும் தேடிட்டு இருந்தார்"னு கண் கலங்கிட்டாங்க. பேப்பரா இருக்கிற ஷேர், பேங்க் டெபாசிட் ரசீது எல்லாம் இப்படித்தான் கிடைக்கும். 10 வருஷம் தொடாத பேங்க் டெபாசிட்டைத் தேட ரிசர்வ் பேங்க் 2023-ல் உத்கம்னு ஒரு தளம் தொடங்கியிருக்கு. 7 வருஷம் டிவிடெண்ட் வாங்காம விட்ட ஷேர் ஐஇபிஎஃப் நிதிக்குப் போயிருந்தாலும் விண்ணப்பிச்சு மீட்கலாம். பணம் படிச்ச நமக்கு இது தெரியும். மத்த ஆளுங்களை விட நாம உண்மையிலேயே கூடுதலாகக் கொடுக்கக் கூடியது இந்தப் பொறுமையான பிரிப்பு வேலையைத்தான். அதுக்கு நேரம் ஆகும். அந்த நேரத்துக்கும் ரேட் போடுங்க. கிடைச்சது எதுவா இருந்தாலும் வீட்டுக்காரருக்கே.

சரியான கணக்கு எவ்வளவு வந்திருக்கணும்?

அதே மாம்பலம் வீட்டுக்கு இப்போ திரும்பப் போடறேன்.

கூலி, வண்டி, சாப்பாடு, சாக்கு எல்லாம் சேர்ந்த நேரடிச் செலவு 15,400.

நின்னு பாத்துக்கிற ஒரு ஆளோட சம்பளம், 20 மணி நேரம், மணிக்கு 200 வீதம் 4,000. அது நீங்களா இருந்தாலும் போடணும். ரெண்டு பேர் போனது எங்க ஆசை. வேலைக்கு ஒருத்தர் போதும்.

எதிர்பாராததுக்கு நேரடிச் செலவுல 10 சதவீதம், 1,540. சுவர்ல கீறல், கண்ணாடி குத்தி ஒருத்தருக்கு டிடி ஊசி, மழை - எல்லாம் இதுலதான் வரும்.

ஆக அடக்கம் 20,940.

இதுக்கு மேல 10 சதவீத லாபம் வேணும். இங்க ஒரு பொதுவான தப்பு நடக்கும். 20,940-ல் 10 சதவீதம் 2,094, அதைக் கூட்டி 23,034-ன்னு போடுவோம். அப்படிப் போட்டா வாங்கற பணத்துல லாபம் 9 சதவீதம்தான். விற்கிற விலையில 10 சதவீதம் நிக்கணும்னா 20,940-ஐ 0.9-ஆல் வகுக்கணும். 23,267 வரும். சின்ன வித்தியாசம் மாதிரி தெரியும். 25 சதவீத லாபம் வேணும்னு நினைச்சு 25 சதவீதம் கூட்டுனீங்கன்னா, கையில நிக்கிறது 20 சதவீதம்தான்.

பழைய சாமான் நமக்குன்னு எழுதி வாங்கியிருந்தா 2,300 கழிக்கலாம். 20,967. சுத்தமா 21,000.

இப்போ மத்த ரெண்டு பேர் சொன்ன ரேட்டை ஞாபகப்படுத்திக்கோங்க. 22,000, 19,000. அவங்க யாரும் கொள்ளையடிக்கல. வேலை தெரிஞ்சவங்க ரெண்டு பேரும் ஒரே இடத்துக்குப் பக்கத்துல வந்து நின்னிருக்காங்க. மேஸ்திரிக்கு ஆள் எப்பவும் கூடவே இருக்கு, வண்டி தெரிஞ்சவரோட வண்டி. அதனால 19-க்கு அவரால முடியும். தெரியாதவன் நான் ஒருத்தன்தான் 14 சொன்னேன்.

ஜெயிச்சவனுக்குக் கிடைக்கிற சாபம்

இதுக்கு ஒரு பேரே இருக்கு. அமெரிக்காவுல அட்லாண்டிக் ரிச்ஃபீல்டு எண்ணெய் நிறுவனத்துல இருந்த 3 பொறியாளர்கள் 1971-ல் ஒரு கட்டுரை எழுதினாங்க. மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் எடுக்கிற உரிமையை ஏலத்துல ஜெயிச்ச கம்பெனிகள் ஏன் எதிர்பாத்த லாபம் பாக்கலைங்கிறது கேள்வி. கடலுக்கு அடியில எவ்வளவு எண்ணெய் இருக்குன்னு யாருக்கும் சரியா தெரியாது, எல்லாரும் ஊகிக்கிறாங்க. அதுல யார் ஊகம் ரொம்பத் தப்போ அவர்தான் அதிக விலை கேட்டு ஜெயிப்பார். ஜெயிச்சதே அவர் கணக்கு தப்புங்கிறதுக்கு அறிகுறி.

நம்ம விஷயத்துல அது தலைகீழா நடக்குது. பரண்ல எவ்வளவு இருக்குன்னு யார் ரொம்பக் குறைவா ஊகிக்கிறாரோ, அவருக்கு வேலை கிடைக்கும். அதனால, உங்க ரேட் அடுத்த ஆளை விட ரொம்பக் கீழ இருக்குன்னு தெரிஞ்சா, சந்தோஷப்படாதீங்க. திரும்பப் போய்ப் பரணைப் பாருங்க.

கேக்கற வேலை எல்லாம் உங்களுக்கே கிடைக்குதுன்னா உங்க ரேட் குறைவு. நாங்க அதுக்கப்புறம் 5 வீட்டுக்குக் கொட்டேஷன் கொடுத்தோம். 2 கிடைச்சது, 3 போச்சு. அந்த 2-லயும் கணக்கு போட்ட லாபம் கைக்கு வந்தது. போன 3 ஞாயிறு வீட்டுல நிம்மதியா தூங்கினோம்.

பேரம் பேசினா?

நம்ம ஊர்ல பேரம் பேசாம யாரும் முடிக்க மாட்டாங்க. அதுல தப்பில்லை. ஆனா ரேட்டைக் குறைக்காதீங்க, வேலையைக் குறைங்க. "18-க்குப் பண்ணுங்க"ன்னா, "சரிங்க, மொட்டை மாடி ஷெட்டை நீங்க பாத்துக்கோங்க, மத்ததை 18-க்கு முடிச்சுத் தரோம்"னு சொல்லுங்க. வேலையைக் குறைக்காம ரேட்டை மட்டும் 3,000 குறைச்சா, முதல்ல சொன்னது பொய் ரேட்டுன்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி.

"ஆரம்பத்துல கம்மியா பண்ணாதானே பேர் கிடைக்கும்?"னு கேக்கலாம். நானும் அப்படித்தான் நினைச்சேன். பேர் கிடைச்சது. அந்த மாப்பிள்ளை தன் நண்பர் ரெண்டு பேர்கிட்ட எங்களைச் சொன்னார். ரெண்டு பேரும் போன்ல கேட்ட முதல் கேள்வி: "அவருக்கு 14-க்குப் பண்ணீங்களாமே?" கம்மி ரேட் கொண்டு வர்ற பேர், கம்மி ரேட்டுக்கான பேர்தான். தள்ளுபடி கொடுத்தே ஆகணும்னா பில்லுல தனியா காட்டுங்க: வேலை 21,000, அறிமுகத் தள்ளுபடி 1,500. அப்போ அடுத்தவர் காதுக்குப் போற ரேட் 21,000.

எல்லாத்தையும் ஒரு பக்கத்துல எழுதிக் கொடுங்க. எந்தெந்த ரூம், எத்தனை லோடு, அதுக்கு மேல ஒவ்வொரு லோடுக்கும் எவ்வளவு, பழைய சாமான் யாருக்கு, எதை எடுக்க மாட்டோம், எத்தனை நாள், 30 சதவீத அட்வான்ஸ், இந்த ரேட் எத்தனை நாளைக்குச் செல்லும். அந்த "ஒவ்வொரு லோடுக்கும்" வரி மட்டும் மாம்பலத்துல இருந்திருந்தா, ரெண்டு லோடு காசு எங்களுக்கு வந்திருக்கும்.

சம்பளக்காரங்க மறக்கக் கூடாத மூணு விஷயம்

முதல்ல ஆபர் லெட்டரைத் திறந்து படிங்க. வெளி வேலை பத்தி என்ன போட்டிருக்குன்னு பாருங்க. 2022-ல் விப்ரோ, போட்டி கம்பெனிகளுக்கு வேலை பாத்த 300 பேரை நீக்கினது ஞாபகம் இருக்கும். வீடு ஒழிக்கிறது உங்க கம்பெனிக்குப் போட்டி இல்லைதான். ஆனாலும் சில கம்பெனி எந்த வியாபாரத்துக்கும் முன் அனுமதி கேக்கும். வாங்கிடுங்க.

ரெண்டாவது வரி. வியாபார வருமானம் வந்தா ஐடிஆர்-1 போட முடியாது. சின்ன வியாபாரத்துக்கு உத்தேச வரி முறை இருக்கு. டிஜிட்டலா வந்த பணத்துல குறைந்தது 6 சதவீதம், ரொக்கத்துல 8 சதவீதம் லாபம்னு காட்டி முடிச்சுக்கலாம். ஆனா பலர் கவனிக்காத ஒண்ணு: வருஷா வருஷம் பழைய வரி முறை, புதிய வரி முறைன்னு மாறிக்கிற வசதி வியாபார வருமானம் இருக்கிறவருக்குக் கிடையாது. பழைய முறைக்குப் போயிட்டு ஒருமுறை புதுசுக்குத் திரும்பிட்டா, அந்த வருமானம் இருக்கிற வரைக்கும் மறுபடி பழசுக்குப் போக முடியாது. வீட்டுக் கடன் வெச்சிருக்கிறவங்க இதை முன்னாடியே யோசிங்க. ஜிஎஸ்டி பதிவு, வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினா கட்டாயம்.

மூணாவது சீசன். ஆடியிலயும் மார்கழியிலயும் வீடு மாத்தறவங்க குறைவு. போகிக்கு முன்னாடி கூட்டம் அதிகம். 12 மாசமும் ஒரே மாதிரி வரும்னு கணக்குப் போட்டு வண்டி லோன் எடுத்துடாதீங்க. வாடகை வண்டியே போதும்.

கடைசியா, அந்த லோடுமேன் அண்ணன். அதுக்கப்புறம் கிடைச்ச ரெண்டு வேலைக்கும் அவரைத்தான் கூப்பிட்டோம். கூலி 1,100 இல்லை, 1,300. அதையும் கணக்குல சேர்த்துத்தான் ரேட் சொன்னோம், கஸ்டமர் ஒத்துக்கிட்டார். ரெண்டாவது வேலை முடிஞ்சப்போ அவரே கேட்டார்: "இதை எவ்வளவுக்கு எடுத்தீங்க தம்பி?" சொன்னேன். "ம், சரியா இருக்கு"ன்னார்.

இந்தத் தொழில்ல எனக்குக் கிடைச்ச முதல் பாஸ் மார்க் அதுதான். அடுத்த வாரம் வீடியோவில் அந்த ஒரு பக்கக் கொட்டேஷனை எப்படித் தயார் பண்றதுன்னு வரி வரியா காட்டறேன். அதுக்கு முன்னாடி, நீங்க இப்ப பண்ற சைடு வேலை எதுவா இருந்தாலும் சரி, போன மாசக் கணக்கை எடுத்து உங்க மணி நேரத்தால வகுத்துப் பாருங்க. வர்ற நம்பரைப் பாத்துட்டு அடுத்த ரேட்டைச் சொல்லுங்க.